பாகம் பிரிஞ்ச ராகிக்கல்லை ஸ்கூல்ல ஒண்ணு சேர்த்தோம்

அரையாண்டுப் பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது ஆறாம் வகுப்புல சத்துக்கள் பத்தின பாடம் போயிட்டிருந்துச்சு. கால்சியம் நிறைய இருக்கிற தானியம்னு போர்டுல கேழ்வரகுன்னு எழுதினேன். மூணாவது வரிசையில ஒரு பொண்ணு எந்திரிச்சு, "மிஸ், கேழ்வரகுன்னா எப்படி இருக்கும், நம்ம பக்கம் கிடைக்குமா"ன்னு கேட்டா. அவ தலையில ராகித் தாள் தூசி ஒட்டிக்கிட்டிருந்துச்சு, காலையில அவங்க அம்மாவோட களத்துல நின்னுட்டு நேரா ஸ்கூலுக்கு வந்திருக்கா. ஜன்னலுக்கு வெளியே தார் ரோட்டுல ராகிக் கதிரைப் பரப்பிப் போட்டிருக்காங்க, பஸ்ஸும் டெம்போவும் அது மேல ஏறி ஏறிப் போகுது, அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் இந்தக் கேள்வி வருது.

ராகிதான் கேழ்வரகுன்னு சொன்னதும் கிளாஸே "ஓ..."ன்னுச்சு. எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா அதே நினைப்பு. அவ வீட்டுல மூணு வேளையும் இருக்கிற ஒரு பொருளை, அவ நட்டு களையெடுத்து அறுத்த ஒரு பொருளை, யாரோ எங்கேயோ சாப்பிடுற தானியம் மாதிரி நான் அறிமுகப்படுத்திட்டு வந்திருக்கேன்.

எங்க ஸ்கூல் கிருஷ்ணகிரி மாவட்டத்துல தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவுல ஒரு ஊர்ல இருக்கு, நடுநிலைப் பள்ளி. பாதிக்கு மேல பிள்ளைங்க வீட்டுல கன்னடம், கொஞ்ச பேர் தெலுங்கு, மீதி தமிழ். நான் பென்னாகரம் பக்கத்துக்காரி, வீட்டுல தமிழ் மட்டும்தான், ஆறு ஏழு எட்டுக்கு கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். இந்தப் பதிவுல எழுதப்போறது ஜனவரியில இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் நாங்க ஒரு பழைய ராகிக்கல்லை, அதாவது ராகி அரைக்கிற கைத்திருகையை, ரிப்பேர் பண்ணின வேலையைப் பத்தி. வேற ஸ்கூல்ல யாராவது செய்யணும்னா உபயோகப்படும்னு அளவு, தப்பு எல்லாத்தையும் சேர்த்தே எழுதறேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஊரைச் சார்ந்து பாடம் நடத்தணும்னு பயிற்சிகள்ல எல்லாம் சொல்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பெரும்பாலும் அது கணக்குல ஆப்பிளை எடுத்துட்டு மாங்காயைப் போடுறதோட நின்னுடுது. கிருஷ்ணகிரின்னா மாம்பழம், தர்மபுரின்னா அதியமான், படம் ஒட்டியாச்சு, முடிஞ்சது. 1937ல வார்தாவுல காந்தி ஆதாரக் கல்விக்காக மாநாடு கூட்டினப்பவே கைவேலையைப் பாடத்துக்கு நடுவுல வைக்கணும்னுதான் சொன்னாரு, ஓரத்துல அலங்காரத்துக்கு வைக்கச் சொல்லல. தர்மபுரி பக்கம் நாகர்கூடல்ல புவிதம்னு ஒரு பள்ளி இருக்கு, அங்க பிள்ளைங்க மண்ணுல வேலை செஞ்சுகிட்டே படிக்கிறாங்க. எங்களுக்கு மணி இருக்கு, டைம்டேபிள் இருக்கு, சிலபஸ் இருக்கு, அதனால அந்த அளவுக்கு முடியாது. ஆனா வாரத்துக்கு மூணு பீரியட் எடுத்து ஒரே ஒரு பொருளை முழுசா பிடிச்சுக்கலாம்னு தோணுச்சு. ஊரை உதாரணமா காட்டுறது வேற, ஊர்க்காரங்க கையில சாக்பீஸைக் கொடுத்துட்டு நாம உட்கார்ந்து கேக்கிறது வேற. எனக்கு ரெண்டாவது வேணும்னு இருந்துச்சு.

பொங்கல் லீவுக்கு முன்னாடி, "வீட்டுல பழைய ராகிக்கல்லு இருந்தா பார்த்துட்டு வாங்க"ன்னு சொல்லி விட்டேன். பதினோரு பேர் இருக்குன்னு வந்தாங்க. ஒண்ணு வாசப்படிக்கு முன்னாடி கால் வைக்கிற கல்லு ஆயிடுச்சு, ஒண்ணு தண்ணி டிரம்மு மேல மூடி பறக்காம இருக்க வெயிட்டா இருக்கு, ஒண்ணு துளசி மாடத்துக்கு அடியில சிமெண்ட் போட்டு ஒட்டியாச்சு. முழு ஜோடியா ஒரு வீட்டுலயும் இல்லை. அப்பதான் எட்டாவது படிக்கிற ஒரு பையன் சொன்னான், "மிஸ், எங்க வீட்டுல அடிக்கல்லு மட்டும் இருக்கு, மேல்கல்லு எங்க சித்தப்பா வீட்டுல இருக்கு, தாத்தா செத்தப்புறம் பாகம் பிரிச்சப்போ அப்படித்தான் பிரிச்சாங்க"ன்னு. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சாம். ரெண்டு வீடும் ஒரே தெரு, நடுவுல ஒரு வேலி, ரெண்டு குடும்பத்துக்கும் சரியான பேச்சுவார்த்தை கிடையாது.

நான் ரெண்டு வீட்டுக்கும் தனித்தனியா போனேன். அடிக்கல்லு இருந்த வீட்டுல பெரியவர் உடனே எடுத்துக்கோங்கன்னாரு. சித்தப்பா வீட்டுல அந்த அம்மா கொஞ்சம் யோசிச்சு, "ஸ்கூலுக்குன்னா தரோம், ஆனா திரும்பக் கொடுக்கும்போது எங்க கல்லு எங்களுக்கு வரணும்"ன்னாங்க. சரிம்மான்னு ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். இப்படிப் பொருள் வாங்கும்போது எழுதி வாங்குறது ரொம்ப முக்கியம், யாரும் இதை லேசா விட்டுடாதீங்க.

அடுத்தது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அங்க நான் எதிர்பார்க்காத இடத்துல இருந்து எதிர்ப்பு வந்துச்சு. சிலபஸ் முடியுமான்னு கேப்பாங்கன்னு பதிலோட போனேன், அதை யாரும் கேக்கல. ஒரு அம்மா எந்திரிச்சாங்க. "எங்க அம்மா விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு அந்தக் கல்லைச் சுத்தி சுத்தி தோள்பட்டை போய் செத்தாங்க. மில்லு வந்தப்போ நாங்க சாமிக்குத் தேங்காய் உடைச்சோம். நீங்க எம்பொண்ணை மறுபடியும் அந்தக் கல்லுக்கிட்ட உட்கார வைக்கிறீங்களா டீச்சர்?" கூட்டம் அமைதியாயிடுச்சு. எனக்கும் உடனே பதில் வரல, ஏன்னா அவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. பழையது எல்லாமே நல்லதுன்னு பேசிட்டுப் போறது சுலபம், அதைச் சுத்தினவங்க யாருன்னு கேக்காம இருந்தாத்தான் அது சுலபம்.

யோசிச்சு மூணு விஷயம் சொன்னேன். பசங்களும் பொண்ணுங்களும் சரிசமமா சுத்துவாங்க. ஒருத்தர் அஞ்சு நிமிஷத்துக்கு மேல சுத்தக் கூடாது. அப்புறம், அந்த நாலு மணிக் கதையையும் பாடமா வைப்போம், நீங்களே வந்து சொல்லணும். அவங்க "பார்க்கலாம்"னு உட்கார்ந்தாங்க. அந்தப் பார்க்கலாமை வச்சுத்தான் ஆரம்பிச்சோம்.

கல்லு ரெண்டும் ஒரு டிராக்டர்ல வந்து இறங்குச்சு. முதல் நாள் வேலை அளக்கிறது மட்டும்தான். மேல்கல்லு குறுக்களவு 42 சென்டிமீட்டர், தடிமன் 7 சென்டிமீட்டர், நடுவுல தானியம் போடுற கண் 6 சென்டிமீட்டர். ஏழாம் வகுப்புக்கு வட்டம் பாடம் இருக்கு, நூலைச் சுத்தி சுற்றளவு எடுக்கச் சொன்னேன், நாலு குழுவுக்கும் நாலு விடை, அதிகமா வந்தது 133. அதை 42ஆல வகுத்தா 3.17 கிட்ட வருது. "ஏன் மிஸ் 3.14 வரல"ன்னு ஒருத்தன் கேட்டான், நான் சொல்றதுக்கு முன்னாடி இன்னொருத்தன் கல்லைத் தடவிப் பார்த்துட்டு, "இந்தப் பக்கம் சொட்டை இருக்குடா, நூலும் லூசா இருக்கு, கையால செஞ்ச கல்லு எப்படி சரியா வட்டமா இருக்கும்"னான். பை (π) மதிப்பை இதைவிட நல்லா நான் ஒரு வருஷமும் நடத்தினதில்லை.

எடையையும் முதல்ல கணக்குலதான் கண்டுபிடிச்சோம். கருங்கல்லு ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமாரா 2.7 கிராம் வரும். பரப்பை தடிமனால பெருக்கி, 2.7ஆல பெருக்கினா 26 கிலோ சொச்சம். அப்புறம் ராகி மூட்டை போடுற தராசுல தூக்கி வச்சோம், 24 அரை கிலோ. ஒன்றரை கிலோ எங்க போச்சு? நடுக்கண்ணுல கொஞ்சம், மீதி கல்லுக்கு அடியில. புரட்டிப் போட்டுப் பார்த்தா மேல்கல்லோட அடிப்பக்கம் லேசா குழிஞ்சு இருக்கு, அடிக்கல்லு லேசா மேடா இருக்கு. நடுவுல இடைவெளி ஜாஸ்தி, ஓரத்துக்கு வர வர நெருக்கம். தானியம் உள்ள போக நடுவுல இடம் வேணும், மாவாகி வெளிய வர ஓரத்துல இடுக்கு வேணும்.

இப்ப என்ன கோளாறுன்னு பார்ப்போம். முதலாவது, ரெண்டு கல்லோட முகமும் வழவழன்னு இருந்துச்சு, பல்லே இல்லை. ரெண்டாவது, மேல்கல்லு சுத்துறதுக்கு அச்சா அடிக்கல்லு நடுவுல இருக்க வேண்டிய முளை இல்லை, உக்கிப் போய் குழி மட்டும் இருந்துச்சு. மூணாவது, கைப்பிடிக் குச்சி போடுற ஓட்டையில ஒரு கீறல், தலைமுடி அளவுக்கு.

முதல்ல நாங்களே அவசரப்பட்டு ஒரு தைலமரக் கட்டையைச் சீவி முளையா அடிச்சு, கொஞ்சம் ராகியைப் போட்டுச் சுத்திப் பார்த்தோம். கல்லு ஒரு பக்கமா நடக்க ஆரம்பிச்சுடுச்சு, ஒரு ஓரத்துல முழு ராகி அப்படியே கொட்டுது, எதிர்ப்பக்கம் கல்லும் கல்லும் உரசி கறுப்பா ஒரு தூள் வருது. பத்து நிமிஷத்துல முளை ஒரு பக்கம் தேஞ்சு கோணலாயிடுச்சு. அந்த மாவைத் தண்ணியில கரைச்சு ஒரு கண்ணாடி கிளாஸ்ல வச்சோம், மறுநாள் பார்த்தா அடியில ஒரு விரக்கடை மணல். அதை யாரும் வாயில வைக்கல, குப்பைக்குழியில கொட்டிட்டோம். ஆனா அந்தக் கிளாஸை ஒரு வாரம் ஜன்னல்ல வச்சிருந்தேன், படியவைத்தல் பாடத்துக்கு வேற படம் தேவைப்படல.

கல்லு கொத்துறவங்க இப்ப இந்தப் பக்கம் தெருவுல வர்றதில்லை. முன்னாடி "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது"ன்னு குரல் கொடுத்துகிட்டே வருவாங்க. விசாரிச்சா, எங்க ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தனோட பெரியப்பாவே கல்லுவேலைக்காரர், முன்னாடி குவாரியில இருந்தவர், இப்ப வீட்டுக்கு அஸ்திவாரக் கல்லு உடைக்கிறாரு. அந்தப் பையன் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. போய்க் கூப்பிட்டேன், "ஸ்கூலுக்கா, நானா"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. "ஆமாண்ணா, நீங்கதான் அன்னைக்கு வாத்தியார்"னேன்.

ஒரு சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்துட்டார். அவர் செஞ்ச முதல் வேலையை மறக்க முடியாது. செம்மண்ணைத் தண்ணியில குழைச்சு அடிக்கல்லு மேல பூராவும் மெல்லிசா பூசினாரு. மேல்கல்லை அது மேல வச்சு ஒரே ஒரு சுத்து. தூக்கிப் புரட்டிக் காட்டினாரு, அங்கங்க மட்டும் செவப்பு ஒட்டியிருந்துச்சு. "செவப்பு ஒட்டுன இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்டை மட்டும் கொத்தணும், பள்ளத்தைத் தொடக் கூடாது." கொத்துவாரு, கழுவுவாரு, மறுபடி செம்மண் பூசுவாரு, சுத்துவாரு. நாலு தடவை. நாலாவது தடவை செவப்பு ஓரம் பூரா ஒரு வளையம் மாதிரி ஒட்டுச்சு, நடுவுல ஒட்டவே இல்லை. "இப்ப சரி"ன்னாரு. அதுக்கப்புறம்தான் பல்லு வைக்க ஆரம்பிச்சாரு, நடுவுல இருந்து ஓரத்துக்கு சின்னச் சின்னப் புள்ளியா, உளியை ஒரே சாய்வுல பிடிச்சு. நடுவுல புள்ளி ஆழம், ஓரத்துல பொடிப்பொடியா.

உளி முனை அரை மணிக்கு ஒரு தடவை மழுங்கிடும். அவர் பையில எட்டு உளி, எல்லாம் முந்தின நாள் பட்டறையில காய்ச்சி அடிச்சு தண்ணி காட்டிட்டு வந்தது. ஒரு பொண்ணு, "இரும்பு கல்லை விட கெட்டியாண்ணா"ன்னு கேட்டா. "தண்ணி காட்டினாத்தான் கெட்டி, இல்லைன்னா மடங்கிடும், ரொம்ப காட்டினா உடைஞ்சிடும்"னாரு. நான் அங்க ஒரு விஷயம் சேர்த்துகிட்டேன். நம்ம மாவட்டத்துலயே பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில தொல்லியல் துறை தோண்டினப்போ கிடைச்ச இரும்பு கி.மு. 2172ன்னு காலக்கணிப்பு வந்துச்சு, 2022 மே மாசம் சட்டசபையில முதலமைச்சர் அறிவிச்சாரு. அதாவது இந்த மாவட்டத்து மண்ணுல நாலாயிரத்து இருநூறு வருஷம் முன்னாடியே இரும்பு புழங்கியிருக்கு. இதை வெறும் பாடமா சொன்னா பிள்ளைங்க நோட்டுல எழுதிட்டு மறந்துடுவாங்க. அன்னைக்கு அவர் கையில கொத்தின சூடு ஆறாத உளி இருந்துச்சு, அந்தப் பையன் தன் பெரியப்பாவை ஒரு மாதிரி பார்த்தான் பாருங்க, அந்தப் பார்வைக்காகவே இதைச் செய்யலாம்.

பாதுகாப்பு பத்தி கண்டிப்பா சொல்லணும். கல்லுச் சில்லு கண்ணுல தெறிக்கும், கல்லுத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிக்கோசிஸ் வரும். பிள்ளைங்களைப் பத்தடி தள்ளி கயிறு கட்டி நிக்க வச்சோம், கொத்தும்போது கல்லை ஈரமாவே வச்சிருந்தோம், அவருக்கும் கண்ணாடியும் மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்தேன். இத்தனை வருஷம் குவாரியில இருந்தப்போ ஒருத்தரும் கொடுத்ததில்லைன்னாரு. பிள்ளைங்க யாரும் உளியைத் தொடல, அது அவர் போட்ட கண்டிஷன், நல்ல கண்டிஷன். கூலி 700 ரூபா, வாங்க மாட்டேன்னாரு, வாங்கியே ஆகணும்னு கொடுத்தோம். வாத்தியாருக்குச் சம்பளம் உண்டுல்ல.

முளைக்கு ஊர் ஆசாரியைப் பிடிச்சோம். தைலமரம்னு சொன்னதும் தலையில கை வச்சாரு. புளியமரத்து வைரக்கட்டைதான் வேணும்னு அவர் வீட்டுப் பின்னாடி வருஷக்கணக்கா காஞ்சு கிடந்த ஒரு துண்டை எடுத்தாரு. ஒரு ஜாண் கூட இல்லாத அந்த முளைக்கு அரை நாள். சீவுவாரு, குழியில வச்சுப் பார்ப்பாரு, எடுப்பாரு, ஒரு இழை சீவுவாரு. பிள்ளைங்களுக்குப் பொறுமை போயிடுச்சு. அப்ப எனக்கு ஔவையார் அதியமானைப் பாடின பாட்டு ஞாபகம் வந்துச்சு. ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாசம் பூரா உட்கார்ந்து செஞ்ச ஒத்தைச் சக்கரம் மாதிரி இருக்கான் எங்க வீரன், அவனோட மோதாதீங்கன்னு எதிரிங்ககிட்ட சொல்றாங்க. அதியமானோட தகடூர்ன்னா இன்னைக்கு தர்மபுரி, நம்ம பக்கத்து ஊரு பாட்டு. ஆசாரி கையை நிறுத்தாமலே, "அந்தம்மாவுக்கு தச்சு வேலை தெரிஞ்சிருக்கு"ன்னாரு. அந்தப் பாட்டுக்கு இதுக்கு மேல ஒரு உரை வேணுமா?

முளையைக் காய்ஞ்சபடியே அடிச்சு இறக்கி, சுத்தி ஒரு டம்ளர் தண்ணியை ஊத்திட்டு, நாளைக்கு வரைக்கும் தொடாதீங்கன்னு போயிட்டாரு. மறுநாள் ஆட்டிப் பார்த்தா அசையல. மரம் தண்ணி குடிச்சு ஊதிக் குழியைக் கவ்விக்கிச்சு. கைப்பிடிக்கும் அதே கட்டைதான், ஆனா அந்த ஓட்டையில கீறல் இருந்ததால இறுக்கி அடிக்காம துணி சுத்திச் செருகினாரு. இது முக்கியம், அங்க மரம் ஊதினா கல்லே பொளந்துடும். கல்லுவேலைக்காரர் பாறையில வரிசையா குழி போட்டு ஆப்பு அடிச்சுப் பொளக்கிறதும் இதே தத்துவம்தான்னு ஒரு பையன் சொன்னான், நான் சொல்லித் தரல.

கொத்தின கல்லுல உடனே மாவு அரைக்கக் கூடாது. ரெண்டு தடவை தவிட்டைப் போட்டு அரைச்சுக் கொட்டினோம், அப்புறம் அரைக் கிலோ ராகி அரைச்சு அதையும் கொட்டினோம். மறுபடி அந்தக் கண்ணாடி கிளாஸ்ல கரைச்சு வைக்கிற டெஸ்ட். மூணாவது மாவுல மணல் படியல.

பிப்ரவரி ரெண்டாவது வாரம் அஜ்ஜி வந்தாங்க. எங்க பக்கம் கன்னட வீட்டுப் பிள்ளைங்க பாட்டியை அஜ்ஜின்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். எழுபத்தஞ்சு வயசு இருக்கும், அடிக்கல்லு கொடுத்த வீட்டுப் பெரியம்மா. கல்லைப் பார்த்ததும் குனிஞ்சு தொட்டுக் கும்பிட்டாங்க, அப்புறம் மேல்கல்லை உள்ளங்கையால ஒரு தள்ளு தள்ளி விட்டுட்டு காதைச் சாய்ச்சுக் கேட்டாங்க. "ம்... சத்தம் சரியா இருக்கு." நாங்க செம்மண்ணு, நூலு, தராசுன்னு ஒரு மாசம் பார்த்ததை அவங்க ஒரு செகண்டுல காதாலயே பார்த்துட்டாங்க.

உட்கார்ற விதத்தைத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, எதிர் எதிரா ரெண்டு பேர், ஒரே கைப்பிடியை மேலயும் கீழயுமா பிடிச்சு. இழுக்கும்போது மட்டும் பலம், தள்ளுறது எதிர்ல இருக்கிறவங்க வேலை. இறுக்கிப் பிடிச்சா கை கொப்பளிச்சுடும், கைப்பிடி உள்ளங்கைக்குள்ள உருளணும். ஒரு கைப்பிடி ராகியை மொத்தமா போடாம விரலிடுக்குல விட்டுகிட்டே இருக்கணும். நான் சொல்லிக் கொடுத்திருந்தா இது விசை, உராய்வு, நெம்புகோல்னு ஆரம்பிச்சிருப்பேன். அன்னைக்கு அஜ்ஜி முடிச்சப்புறம் அந்த வார்த்தைகளைச் சொன்னேன், எல்லாருக்கும் எங்க இருக்குன்னு கை தெரிஞ்சு வச்சிருந்துச்சு.

அப்புறம் பாட ஆரம்பிச்சாங்க. கன்னடத்துல. முதல் பாட்டு கல்லுக்கே, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் பொறந்த வீட்டைப் பத்தி, அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவானான்னு. எனக்குப் பாதிதான் புரிஞ்சுச்சு. தமிழ்ல படிக்கவே திணறுற, கிளாஸ்ல வாயே திறக்காத ரெண்டு பொண்ணுங்க எனக்கு வரிக்கு வரி தமிழ்ல சொன்னாங்க. அன்னைக்கு அவங்கதான் கிளாஸ்ல பெரிய படிப்பாளி. மறுநாள் ஒரு சார்ட் போட்டோம்: தமிழ்ல திருகை, ராகிக்கல்லு, கன்னடத்துல பீசோ கல்லு, தெலுங்குல திரகலி, இசுர்ராயி. அதுக்குக் கீழ ராகி, கேழ்வரகு, கேப்பை, ஆரியம்னு ஒரு தானியத்துக்கு எத்தனை பேரு. பீசோவுல வர்ற சத்தத்தைத் தமிழ் எழுத்துல எப்படி எழுதறதுன்னு ஒரு பீரியட் பூரா சண்டை, முடிவுக்கு வரல, பரவாயில்லை.

நாலு மணிக் கதையையும் பாடமா வைப்போம்னு வாக்கு கொடுத்திருந்தேன்ல, அதுக்கான கணக்கையும் அன்னைக்கு எடுத்தோம். ஒரு கிலோ ராகி அரைக்க எத்தனை சுத்துன்னு, சுத்துறவங்க மாறி மாறிச் சுத்த, ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து எண்ணினாங்க: 670 சுத்து. கைப்பிடி நடுவுல இருந்து 18 சென்டிமீட்டர் தள்ளி இருக்கு, ஒரு சுத்துக்கு கை போற தூரம் 113 சென்டிமீட்டர். பெருக்கினா முக்கால் கிலோமீட்டர். அஜ்ஜி வீட்டுல அப்ப ஏழு பேர், தினம் ரெண்டு கிலோ அரைக்கணும், அப்ப ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோமீட்டர், ஒரு வருஷத்துக்கு 547. மேப்பை எடுத்துப் பார்த்தாங்க, ஓசூர்ல இருந்து மதுரையைத் தாண்டி இன்னும் போகுது. ஒரு பையன் அஜ்ஜிகிட்ட போய் கன்னடத்துல சொன்னான், "அஜ்ஜி, நீங்க உட்கார்ந்த இடத்துலயே வருஷத்துக்கு ஒரு தடவை மதுரை தாண்டிப் போயிருக்கீங்க." அஜ்ஜி சிரிச்சுட்டு, "போனேன், ஆனா மீனாட்சியைப் பார்க்கலையே"ன்னாங்க.

அந்த அம்மா வந்திருந்தாங்க, கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினவங்க. கதவோரமா நின்னு கேட்டுட்டிருந்தாங்க. அந்தக் கணக்கு போர்டுல இருக்கும்போது உள்ள வந்து, அவங்க அம்மாவோட தோள்பட்டையைப் பத்திச் சொன்னாங்க, ராத்திரி வலியில சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் பத்து போட்டதை, மழைக்காலத்துல ராகி நமுத்துப் போய் கல்லு நகராம அழுததை. அந்த வீட்டு ஆம்பளைங்க யாராவது ஒரு நாள் சுத்தியிருக்காங்களான்னு ஒரு பொண்ணு கேட்டா. இல்லைன்னாங்க. கிளாஸ்ல இருந்த பசங்க தரையைப் பார்த்தாங்க. நான் எதுவும் சேர்த்துச் சொல்லல.

சமையல் நாள் பத்தி சுருக்கமா. சல்லடையில சலிச்சு, கப்பியை மறுபடி அரைச்சு, மூணு கிலோ மாவு தேறுச்சு. சத்துணவு அக்கா நொய்யை வேகவச்சு மாவைக் கொட்டி, ரெண்டு பேர் பாத்திரத்தைப் பிடிச்சுக்க, துடுப்பால கிண்டினாங்க. அவரை சீசன் கடைசி, பிள்ளைங்களே முந்தின நாள் ஊறவச்சு தோல் பிதுக்கின பிதுக்கம்பருப்புக் குழம்பு. களி உருண்டையைக் கன்னட வீட்டுப் பிள்ளைங்க மெல்லாம குழம்புல தொட்டு முழுங்குறதை மத்தவங்க பார்த்துக் கத்துகிட்டாங்க. மில்லு மாவையும் வச்சு ஒப்பிட்டோம். கல்லு மாவு கொஞ்சம் நறநறப்பா, சூடாகாம வர்றதால வாசனை தூக்கலா இருக்குன்னு பாதி பேர், மில்லு மாவுதான் வழவழன்னு நல்லா இருக்குன்னு பாதி பேர். ரெண்டையும் அப்படியே எழுதி வச்சோம். கால்சியம் கணக்கையும் அப்பதான் முடிச்சேன், நூறு கிராம் ராகிக்கு 340 மில்லிகிராமுக்கு மேல, அரிசியில அதுல ஒரு சின்னப் பங்குகூட இல்லை. 2023ல பக்கத்து தர்மபுரியிலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்கல்ல, ஏன் அந்த ரெண்டு மாவட்டம்னு எட்டாவது பசங்களை யோசிக்க விட்டிருக்கேன்.

சரியா வராததையும் சொல்லணும். பாட்டை ஒழுங்கா பதிவு பண்ணல, போன்ல எடுத்தது பூரா கல்லுச் சத்தம்தான் கேக்குது, அஜ்ஜி குரல் அடியில போயிடுச்சு. முதல்ல கல்லு இல்லாம பாடச் சொல்லி எடுத்திருக்கணும், ஆனா கல்லு இல்லாம எனக்குப் பாட்டு வராதுன்னு அவங்க சொல்றாங்க, அதனால மைக்கை சட்டையில குத்தி எடுக்கப் போறோம். ஆறாம் வகுப்புக்கு இந்த மாசம் அறிவியல்ல ரெண்டு பாடம் பின்தங்கிடுச்சு, சனிக்கிழமை எடுத்து ஈடுகட்டினேன். கைப்பிடி ஓட்டைக் கீறல் ரெண்டு மில்லிமீட்டர் நீண்டிருக்கு, பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதி வச்சிருக்கோம். கல்லுவேலைக்கார அண்ணன் எதிர்ப்பக்கம் புது ஓட்டை போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு.

கல்லைத் திருப்பிக் கொடுக்கிற தேதி பிப்ரவரி 28ன்னு நோட்டுல இருந்துச்சு. அன்னைக்கு ரெண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பினேன். பெரியவர் வந்தாரு, சித்தப்பா வீட்டம்மாவும் வந்தாங்க, ரெண்டு பேரும் கல்லைச் சுத்தி நின்னாங்க. பெரியவர்தான் கேட்டாரு, "இப்ப இதைப் பிரிச்சா அந்த முளை என்ன ஆகும்?" முளை அடிக்கல்லோட போகும், பல்லு தேய ஆரம்பிச்சா ரெண்டையும் சேர்த்து வச்சுத்தான் கொத்தணும்னு சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் மேல்கல்லைத் தடவிகிட்டே இருந்துட்டு, நோட்டை வாங்கி தேதியை அடிச்சுட்டு அடுத்த ராகி அறுப்பு வரைக்கும்னு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.